மான் இல்லாத வேட்டை

பத்மநாதன் அண்ணை அந்தக் கறுப்பு வெள்ளைப் போட்டோவை மேசையில் வைத்த கையோடு எனக்குக் குமட்டியது. காலையில் சாப்பிட்ட பாணும் சம்பலும் தொண்டை வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின.

போட்டோவில் இருந்தது ஓர் ஒல்லாந்து ஓவியம், டச்சுக்காரர் தீட்டியது. முன்னூறு வருடத்துக்கு மேல் பழையது. பெரிய பெரிய ஓக் மரங்கள், பாதிப் படத்துக்கு மேகம், தூரத்தில் ஒரு தேவாலயக் கோபுரம், குதிரைகளில் இறகு வைத்த தொப்பியோடு சீமான்கள், ஒரு சீமாட்டியின் கையில் வல்லூறு. இதுவரைக்கும் பிஸ்கட் டின் மூடியில் அச்சடிக்கலாம். வலது பக்கக் கீழ் மூலைக்கு வந்தால்தான் சங்கதி தெரியும். அங்கே ஓர் ஆள் முழங்காலில் நின்று கலைமானின் வயிற்றைக் கிழித்துக் குடலை இழுத்து நாய்களுக்குப் போடுகிறான். நாய்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழுகின்றன. மானின் கண் மட்டும் திறந்தபடி இருக்கிறது.

"இதை ஆரும் காசு குடுத்து வாங்கி வீட்டிலை மாட்டுவினமே, அண்ணை?" என்று கேட்டேன்.

"மாட்டினவை. அந்த நாளிலை ஒல்லாந்திலை பிரபுக்கள்தான் இந்த வேட்டைக்குப் போகலாம். போக ஏலாத வியாபாரிமார் படத்தை வாங்கி மாட்டிப்போட்டு, போனமாதிரி இருந்தவை."

"எங்கடை சனம் வாசிக்கத் தெரியாத பியானோவை முன்னறையிலை வைச்சிருக்கிறமாதிரி" என்றேன்.

பத்மநாதன் அண்ணை சிரிக்கவில்லை. அவர் கொழும்பில் காப்புறுதிக் கொம்பனி ஒன்றில் விசாரணை அதிகாரியாக இருந்தவர். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு லண்டனுக்கு வந்து, நோர்பரியில் ஒரு சாறிக் கடைக்கு மேலே துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டினார். நான் டொலறஸ். தட்டச்சு, தேநீர், ஆட்களைப் பின்தொடர்வது, கேட்காமலே அபிப்பிராயம் சொல்வது எல்லாம் என் வேலை. குருநகர்க் கத்தோலிக்கப் பெண்ணாகையால் ஒல்லாந்தர் மேல் எனக்குப் பழைய கணக்கு ஒன்றும் உண்டு. யாழ்ப்பாணத்தில் எங்கள் தேவாலயங்களைப் பிடுங்கியவர்கள் அவர்கள். அதனால் அந்தப் படம் தொலைந்துபோனதில் எனக்கு எந்தத் துக்கமும் இல்லை. அது தொலைந்ததற்காக ஒருவன் தொலையப் போகிறான் என்பதுதான் துக்கம்.

அவன் பெயர் இராஜேந்திரன். அகதி. வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவன். ஹரோவில் டொக்டர் குருமூர்த்தியின் வீட்டு முன்னறைக்குச் சென்ற கோடையில் அவன்தான் பெயின்ட் அடித்தான். அதற்காகச் சுவரிலிருந்து இந்த ஓவியத்தைக் கழற்றி, வேலை முடிந்ததும் திரும்ப மாட்டினான். போன வாரம் ஓர் ஆங்கிலேயப் பெண்மணி டொக்டர் வீட்டுக்குச் சொல்லாமல் வந்து நின்றாள். ஓவியம் அவளுடைய பெரியம்மாவுடையது. டொக்டரிடம் வைத்தியம் பார்த்த அந்தக் கிழவி, சாகும்போது அதை அவருக்கே எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தாள். ஒரு கண்காட்சிக்கு இரவல் கேட்க வந்த பெறாமகள் ஓவியத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தாள். மானைக் காணவில்லை. சுவரில் தொங்கியது நகல்.

டொக்டர் நின்ற நிலையிலேயே இராஜேந்திரனின் பெயரைச் சொன்னார். பொலிஸ் அவனை அழைத்துப்போய் விசாரித்து விட்டது. நாளைக்குத் திரும்பவும் வரச் சொல்லியிருக்கிறது, அநேகமாக வழக்குப் பதிய. வெள்ளிக்கிழமை அவனுடைய அகதி விண்ணப்ப மேன்முறையீடு. திருட்டு வழக்கோடு போய் நின்றால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். கொழும்புக்கு ஏற்றி விடுவார்கள். அங்கே இறங்கியதும் அவனுக்கு என்ன நடக்கும் என்பதும் தெரியும், ஏற்கெனவே ஒருமுறை நடந்திருக்கிறது. அவனுடைய அக்கா சந்திரவதனா எங்கள் கதிரையில் இருந்து அழுத அழுகையில் கீழே சாறிக் கடைக்காரர் ஏறி வந்து எட்டிப் பார்த்தார். இராஜேந்திரனோ, நான் எடுக்கவில்லை என்பதைத் தவிர வேறு ஒரு சொல் பேசவில்லை. தலையைக் குனிந்தபடியே இருந்துவிட்டுப் போனான்.

"வாரும், டொக்டர் வீட்டை ஒருக்காப் போயிட்டு வருவம்" என்று அண்ணை மேலங்கியை எடுத்தார்.

பெப்ரவரி மாதத்து ஹரோ. ஒன்றோடொன்று ஒட்டிய வீடுகள், ஒரே மாதிரி வேலி, ஒரே மாதிரிக் கார். டொக்டர் குருமூர்த்தி எங்களை மரியாதையாகவே வரவேற்றார். தமிழ்ப் பிரச்சினையைத் தமிழர்களே பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது என்றார். அவருடைய மனைவி கோதை டம்ளரில் காப்பி கொண்டு வந்தார். நல்ல காப்பி, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. நம்ம ஆளாயிற்றே என்று அந்தப் பையனுக்கு இரக்கப்பட்டதுதான் தவறு, அவனுக்கு இலவசமாக வைத்தியம் பார்த்தேன், மேன்முறையீட்டுக்காக அவன் முதுகுத் தழும்புகளைப் பற்றி வைத்திய அறிக்கைகூட எழுதிக் கொடுத்தேன் என்று டொக்டர் பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சு என் காப்பியில் விழுந்ததுபோல இருந்தது.

ஓவியத்துக்கு முன்னால் ஒரு பெட்டகம். அதன்மேல் குடத்தளவு பித்தளைச் சாடி, அது நிறையப் பிளாஸ்டிக் ரோசாப் பூக்கள். ஓவியத்தின் வலது கீழ் மூலையை அது அப்படியே மறைத்தது.

"பூஜை பண்ற வீடு. அந்த ரத்தமும் குடலும் கண்ணுல படக்கூடாதுன்னு அன்னிக்கே மறைச்சுட்டேன்" என்றார் கோதை. "நாங்க யாரும் அந்தப் பக்கம் பாக்கறதே இல்ல."

"அதுதான் நகல் எண்டு இவ்வளவு நாளும் தெரியேல்லை" என்று அண்ணை பணிவாகச் சொல்லிவிட்டுச் சாடியைத் தூக்கி என் கையில் தந்தார்.

நான் அதைக் கீழே போடாதது அந்தோனியார் புண்ணியம். ஓக் மரத்தின் கீழே செந்தாமரைக் குளம். கரையில் ஒற்றைக் காலில் ஒரு வெள்ளைக் கொக்கு. குதிரைக்காரச் சீமான்களும் வல்லூற்றுச் சீமாட்டியும் நாக்குத் தள்ளிய நாய்களும் அந்தக் குளத்தை நோக்கி விழுந்தடித்து வருகிறார்கள். இவ்வளவு பேரும் பூப்பறிக்கவா போகிறார்கள் என்று கேட்டேன். டொக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அண்ணை சோபாவில் போய் இருந்துகொண்டு, சாடியை வைக்கச் சொன்னார், எடுக்கச் சொன்னார், திரும்ப வைக்கச் சொன்னார். என் கை வலித்தது. ஆனால் அவர் பார்த்ததை நானும் பார்த்தேன். சாடிக்கு வெளியே தெரியும் ஒவ்வோர் இலையும் அசலைப் போலவே இருந்தது. ரோசாப் பூக்களின் ஓரம் எங்கே முடிகிறதோ, சரியாக அந்தக் கோட்டிலிருந்து குளம் தொடங்கியது.

மெட்ரோபொலிடன் ரயிலில் அவர் வாய் திறந்தார். அந்தக் காலத்து ஒல்லாந்து ஓவியங்களில் மரத்தை ஒருவர் தீட்டி, ஆட்களையும் நாய்களையும் இன்னொருவரிடம் கொடுத்துத் தீட்டுவிப்பதும் உண்டாம். போட்டோவைத் தந்த பெறாமகள் சொல்லியிருக்கிறாள்.

"அசலிலை ரெண்டு கை. நகலுக்கு மூண்டாவது கை ஒண்டு. அந்தக் கை அசலைக் கண்டதே இல்லை. சோபாவிலை இருந்து எடுத்த போட்டோவைப் பார்த்துக் கீறியிருக்கு. போட்டோவிலை சாடி மறைச்ச இடத்துக்கு என்ன செய்யிற எண்டு தெரியாமல் குளத்தை வெட்டியிருக்கு."

"அப்ப இராஜேந்திரன் இல்லை" என்றேன். "அவன் முழு மானையும் கையிலை வைச்சிருந்தவன். கள்ளநகல் செய்யிறவன் தாமரைக்கு ஏன் போறான்?"

"அதோடை, அந்தக் கை எங்கடை கை. வெள்ளைக்காரன் எண்டால் அந்த இடத்திலை ஒரு செடிப் பத்தையைப் போட்டிட்டுப் போயிருப்பான். தாமரையும் கொக்கும் வராது. ஆரின்ரை கை எண்டுதான் தெரியேல்லை."

இந்த இடத்தில்தான் என் சம்பளத்துக்கு அர்த்தம் வந்தது. அந்தத் தாமரையை நான் முன்பே பார்த்திருந்தேன். வெளி இதழ் ஒன்று மட்டும் நாய் நாக்குப் போல மடிந்து தொங்கும். வால்தம்ஸ்டோவில் என் மச்சாளின் மகள் வயதுக்கு வந்து சாமத்தியச் சடங்கு நடந்தபோது மேடையின் பின்திரை முழுக்க அதே தாமரை. மூன்று மணி நேரம் வீடியோக்காரன் எங்களை அதற்கு முன்னால் நிறுத்தி வைத்திருந்தான், மறக்க முடியுமா?

விக்டோரியா லைனில் மாறி வால்தம்ஸ்டோவுக்குப் போனோம். திரை கீறியவரின் விலாசம் கேட்க மச்சாளுக்கு ஒரு போன் போதுமாக இருந்தது. வீடியோக் கடை ஒன்றின் பின்புறத்துக் கராஜில், தெர்மொகோல் தூண்களுக்கும் யானைத் தலைகளுக்கும் நடுவில் கோபாலகிருஷ்ணன் நின்றார். கும்பகோணத்துக்காரர். லண்டனில் பாதி மணவறையும் அரங்கேற்ற மேடையும் அவர் கைவேலைதான். அண்ணை விசயத்தைச் சொன்னதும் அந்த மனிதர் ஒளிக்கவில்லை, பதறவில்லை. உள்ளே போய் ஒரு கலர் போட்டோவோடு வந்தார். ஓவியம், முன்னால் பித்தளைச் சாடி, பிளாஸ்டிக் ரோசா.

"என் கைதாங்க. டாக்டர் வீட்டம்மா வந்து கேட்டாங்க. அசலப் பாத்தே பண்ணித் தரேன்னேன், வேண்டாம்னுட்டாங்க. பூவுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னேன். அது உனக்கு வேண்டாம், மங்களகரமா எதாச்சும் போடுன்னாங்க. தாமரைய விட மங்களம் என்னங்க இருக்கு?"

அவருக்கு அதில் ஒரு குற்றமும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. வீட்டில் மாட்ட விருப்பமில்லாத படத்துக்கு நல்ல படம் ஒன்று கேட்டிருக்கிறார்கள், கீறிக் கொடுத்திருக்கிறார். யார் வந்து எடுத்துப் போனது என்று அண்ணை கேட்டார்.

"டாக்டர்தான் வந்தாரு. கூட ஒரு பையன், அவன்தான் தூக்கி வேன்ல வெச்சான். கையெல்லாம் வெள்ளப் பெயிண்டு. உங்க ஊர்த் தமிழ் பேசினான்."

வேறு யார்? இராஜேந்திரனுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே எங்கள் அலுவலகத்தில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தான், அக்காவை அழ விட்டான். திரும்பும் வழியெல்லாம் நான் அவனைத் திட்டிக்கொண்டு வந்தேன். அண்ணை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். பின்பு, அவன் ஏன் பேசாமல் இருந்தான் என்பதை யோசித்துப் பாரும் என்று மட்டும் சொன்னார்.

ஹரோவுக்குத் திரும்பியபோது பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வீதியில் போய்க்கொண்டிருந்தார்கள். டொக்டர் கதவைத் திறந்தார். முன்பு இருந்த மரியாதை குறைந்திருந்தது. அண்ணை கோபாலகிருஷ்ணனின் பெயரை எடுக்கவே இல்லை. சோபாவில் இருந்து, மிகவும் கவலையோடு பழைய எண்ணெய் ஓவியங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினார். இந்தக் குளிரில் கள்ளன் அதைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி எங்கேயாவது ஈரமான பரணில் போட்டிருந்தால், இதற்குள் பூஞ்சணம் பிடித்துப் பாழாகியிருக்கும் என்றார். கிழவி ஆசையாய்த் தந்த பொருள், பாவம் என்றார்.

"பிளாஸ்டிக்ல சுத்தலையே" என்றார் கோதை. "பருத்திப் புடவைலதானே..."

டொக்டர் மனைவியைப் பார்த்த பார்வையை நான் இன்னொரு முறை பார்க்க விரும்பவில்லை.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. கிழவி சாகுமுன் டொக்டரின் கையைப் பிடித்து, உன் வீட்டில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் மாட்டு என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். வெள்ளைக்கார நோயாளிகள் வீட்டுக்கு வந்து அதைப் பார்த்துப் பாராட்டுவது டொக்டருக்குப் பிடித்திருந்தது. கோதைக்கோ, சாடிக்குப் பின்னால் இருந்தாலும் அது இருக்கும் அறையில் விளக்கேற்ற மனம் வரவில்லை. சுவருக்குப் பெயின்ட் அடித்த வாரத்தில் நகலை மாட்டிவிட்டு, அசலை மேலே பரணில் வைத்துவிட்டார்கள். களவே நடக்கவில்லை. பெறாமகள் மானைக் கேட்டபோது, செத்தவளுக்குக் கொடுத்த வாக்கை மீறினேன் என்று சொல்ல டொக்டருக்கு வாய் வரவில்லை. கைக்கு அகப்பட்ட பெயரைச் சொல்லிவிட்டார்.

"அந்தப் பையன்தானே தூக்கிட்டுப் போய் மேல வெச்சான்" என்றார் கோதை, ஏதோ அவன்மேலும் பாதிப் பழி இருப்பதுபோல. "யார்ட்டயும் சொல்லாதேன்னு இவர் சொல்லியிருந்தார். நல்ல பையன், சொல்லல."

எனக்கு அந்த முன்னறையே நாறியது. ஊதுபத்தி வாசனைக்குள் அப்படி ஒரு நாற்றம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. நான் எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டேன், யாரிடமும் கேட்கவில்லை.

டொக்டர் அதற்குள் சமாளித்துக்கொண்டார். அவரிடம் ஒரு யோசனை இருந்தது. ஓவியம் அந்தப் பையன் ஒளித்து வைத்த இடத்தில் கிடைத்ததாகச் சொல்லிவிடலாம். தானே பொலிசுக்குப் போய், அவனை மன்னித்துவிட்டதாகவும் வழக்கு வேண்டாம் என்றும் சொல்லுவார். எல்லோருக்கும் கௌரவம். பிறகு அவர் குரலை இறக்கினார்.

"நீங்க யோசிக்கணும். நான் பொய்யன்னு ஆயிட்டா, வெள்ளிக்கிழமை என் ரிப்போர்ட்ட எவன் நம்புவான்? அந்தப் பையனோட கேஸே என் ரிப்போர்ட்லதான் நிக்குது."

இராஜேந்திரன் ஏன் வாய் திறக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. ரயிலில் அவனைத் திட்டிய வாயைக் கழுவ வேண்டும் போலிருந்தது.

பத்மநாதன் அண்ணை எழுந்து நின்றார். அவர் கோபப்பட்டால் குரல் ஏறாது, இறங்கும்.

"டொக்டர், காயம் உங்கடை றிப்போட்டிலை இல்லை. அவன்ரை முதுகிலை இருக்கு. லண்டனிலை கண்ணுள்ள டொக்டர்மார் வேறையும் இருக்கினம்."

டெலிபோனை எடுத்துப் பெட்டகத்தின் மேல் வைத்தார். நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா என்று கேட்டார். கோபாலகிருஷ்ணன் எப்போது கூப்பிட்டாலும் வந்து சாட்சி சொல்லத் தயார் என்றார். அந்தப் பெயரைக் கேட்டதும் டொக்டரின் தோள் தொங்கியது. அவர் நம்பரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது நானும் அண்ணையும் பரணில் ஏறி ஓவியத்தை இறக்கிக்கொண்டு வந்தோம். புடவையை அவிழ்த்தேன். கறுப்பு வெள்ளையில் பார்த்ததெல்லாம் ஒன்றுமில்லை. கலரில் அந்த மூலை ஈரமாக மினுங்கியது. கோதை வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்கு ஓடினார். அவர் வாந்தி எடுக்கும் சத்தம், டொக்டர் பொலிசிடம் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்கும் சத்தம், இரண்டும் சேர்ந்து கேட்டன.

நோர்பரியில் சந்திரவதனாவின் வீட்டுக்குப் போனபோது இராஜேந்திரன் எழுந்து நின்றான். பொலிஸ் ஏற்கெனவே போன் பண்ணி, நாளைக்கு வரத் தேவையில்லை என்று சொல்லிவிட்டதாம். அக்கா என் கையைப் பிடித்து அழுதாள், இந்த முறை வேறு அழுகை. அவன் மட்டும் பயந்துபோய் இருந்தான். றிப்போர்ட் என்னவாகும் என்றுதான் முதலில் கேட்டான். நாளைக்கு வேறு ஒரு டொக்டர் பார்க்கிறார், வக்கீலுக்கும் சொல்லியாயிற்று என்று அண்ணை சொன்னார்.

"இன்னொருக்காச் சேட்டைக் கழட்டி முதுகைக் காட்டோணுமோ?"

"ஓம், தம்பி."

அவன் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் பூட்டிக்கொண்டான். முதல் தடவை டொக்டர் வீட்டு முன்னறையில்தான் காட்டியதாகச் சொன்னான். அப்போது வந்து சில மாதம்தான், ஒரு காயம் ஆறாமல் நீர் வடிந்துகொண்டிருந்ததாம். டொக்டர் மருந்து போட்டுக்கொண்டிருந்தபோது கோதை அம்மா காப்பியோடு உள்ளே வந்திருக்கிறார்.

ரத்தத்தைக் கண்டாலே ஓடுகிறவர், உன் முதுகைப் பார்த்து என்ன செய்தார் என்று கேட்டேன்.

"பயப்பிடேல்லை, அக்கா. கிட்ட நிண்டு வடிவாப் பார்த்தவ" என்றான் இராஜேந்திரன். "பார்த்திட்டு, சோபாவிலை சாய வேண்டாம், இப்பதான் உறை மாத்தினது எண்டு சொன்னவ."